ஐந்து மணி நேரம் நின்ற முட்டை

கப்பலில் அவரை எல்லோரும் முட்டை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் பொறித்த வில்லை ஒன்று சட்டையில் மின்னிக்கொண்டுதான் இருந்தது. அதைப் படித்தவர் யாருமில்லை. பத்தொன்பது வருடமாக, மூவாயிரம் பேர் ஏறும் உல்லாசக் கப்பல்களில் காலை உணவுக்கு முட்டை போடுவதுதான் அவர் வேலை. இரண்டு கையிலும் இரண்டிரண்டு முட்டையை எடுத்து ஒரே தட்டாகத் தட்டுவார். ஓட்டுத் துணுக்கு ஒன்று உள்ளே விழாது. ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையில், நானூறு பசித்த மாணவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது கற்றுக்கொண்ட வேகம் அது.

"ஊர் உலகத்துக்கெல்லாம் ஆம்லெட் போடறாரு. லீவுல வீட்டுக்கு வந்தா, முட்டையைப் பார்த்தாலே கடன்காரனைப் பார்த்த மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு" என்று அவருடைய மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குக் கணவர் வருடத்தில் இரண்டு மாதம்தான். மீதிப் பத்து மாதமும் தொலைபேசியில் வரும் குரல். மகள் பதினொன்றாம் வகுப்பு.

மாஸ்டருக்கு ஒரு குறை உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய கைகள் இப்போது முட்டை உடைப்பதே இல்லை.

அந்தக் கப்பலில் முட்டை இரண்டு சாதி. மேல்தளத்தில், ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்த உணவகத்தில், ஓட்டோடு வந்த முட்டை. கீழே, இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் தட்டோடு வரிசையில் நிற்கும், மாஸ்டர் வேலை பார்க்கும் பெரிய கூடத்தில், முன்பே உடைத்துக் கலக்கிப் பால்போல் அட்டைப்பெட்டியில் அடைத்து வரும் முட்டை. மேலே அன்று சுட்ட ரொட்டி, கீழே உறைந்து கிடந்து சூடேறிய ரொட்டி. மேலே அரைத்துப் போட்ட காப்பி, கீழே குழாயைத் திறந்தால் வரும் பழுப்பு நீர். பழங்களோ முந்தின நாள் மாலையே வெட்டப்பட்டு, விடிவதற்குள் சோர்ந்து சுருண்டுவிடும். விளம்பரப் புத்தகத்தில் மட்டும் இரண்டு தளத்துக்கும் ஒரே படம், ஒரே வாசகம். பணம் கட்டி ஏறுகிறவர்களையே இப்படித் தரம் பிரிக்கிற இடத்தில், கூலிக்கு ஏறியவர்கள் எந்தத் தரம் என்று சொல்லத் தேவையில்லை.

அட்டைப்பெட்டி முட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டியைத் திறந்து வாளியில் ஊற்றிய நிமிடத்திலிருந்து நான்கு மணி நேரம். வாளி ஐஸ்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்டவேண்டிய நேரத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி வாளியின் நெற்றியில் ஒட்ட வேண்டும், பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். நல்ல சட்டம். எழுதியவர்கள் கிருமியைப் பற்றிப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் மேற்கு நோக்கி ஓடும் கப்பலை நினைக்கவில்லை.

மேற்கே போகும் கப்பலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பயணிகளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். அடுக்களையில் நிற்பவர்களுக்கு ஒரு மணி நேர உழைப்பு கூடுதலாகக் கிடைக்கும். சம்பளச் சீட்டில் அந்த மணி நேரம் பிறப்பதே இல்லை. சூதாட்டக் கூடம் மூடிக் கதவடைக்கும்வரை கடிகாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் கப்பலில் உத்தரவு. ஆகவே காலை ஐந்து மணிக்குத்தான் தள்ளுவார்கள். ஐந்து அடித்ததும் அடுக்களைச் சுவரில் உள்ள கடிகாரம் தானாக நான்கைக் காட்டும்.

மாஸ்டர் நாலரைக்கே வாளியில் முட்டையை ஊற்றிவிடுவார். சட்டப்படி எட்டரைக்குக் கொட்ட வேண்டும். கடிகாரம் பின்னால் போன நாளில் சுவரில் எட்டரை அடிக்கும்போது, வாளிக்கு உண்மையில் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். சுவரை ஏமாற்றலாம், முட்டைக்குள் பெருகுவதை ஏமாற்ற முடியுமா? அதனால் அந்த நாட்களில் மாஸ்டர் ஸ்டிக்கரைச் சிவப்புப் பேனாவால் எழுதுவார்: ஏழரை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். அவரே தொடங்கியது. மற்ற சமையல்காரர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

அன்றும் சிவப்பில்தான் எழுதினார். ஐஸ் மெஷின் பழுதாகி அன்றோடு பன்னிரண்டு நாள். வாளி சுடுகல்லுக்குப் பக்கத்தில் வெறும் மேடையில் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஏழரையைத் தொட்டதும் வாளியைத் தூக்கினார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"எங்க மாஸ்டர் கொண்டு போறீங்க?" துணைச் செஃப் குறுக்கே வந்து நின்றார். முப்பத்திரண்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை.

"கொட்டத்தான் செஃப். மணி ஆயிடுச்சு."

"மணி எங்க ஆச்சு? பதிவேட்டுல நாலரைன்னு இருக்கு. எட்டரை வரைக்கும் டைம் இருக்கே."

"கடிகாரத்தைப் பின்னால தள்ளுனாங்களே செஃப். கணக்குப் பார்த்தா..."

"கணக்கு வாத்தியாரா நீங்க?" துணைச் செஃப் சுவர்ப்பலகையைக் காட்டினார். பயணிகள் தினமும் போடும் மதிப்பெண் அதில் தொங்கியது. காலை உணவு: பத்துக்கு ஏழு புள்ளி எட்டு. "நேத்து என்ன எழுதியிருக்காங்க, படிச்சீங்களா? 'எட்டு மணிக்குப் போனா முட்டைத் தட்டு காலியாகி அடி தெரியுது.' ஒரு தட்டுலயும் அடி தெரியக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. புதுப் பெட்டி ஸ்டோர்ல இருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என்னைப் பொரிச்சு வைப்பீங்களா?"

"பொரிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. மாஸ்டர் சிரிக்கவில்லை. துணைச் செஃப் சிவப்பு ஸ்டிக்கரைத் தொடக்கூட இல்லை, கண்ணால் காட்டினார். மாஸ்டரே அதை உரித்தார். கறுப்புப் பேனாவால் எட்டரை என்று எழுதி ஒட்டினார்.

தனக்குத் தெரியாது என்று அவர் பிறகு ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரிந்தே செய்தார். பத்தொன்பது வருடம் 'சரி செஃப்' என்று சொல்லிப் பழகிய வாய், மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அன்று மாலையிலிருந்து கப்பலின் மருத்துவ அறைக்கு முன்னால் வரிசை நின்றது. வாந்தி, பேதி, காய்ச்சல். மறுநாள் காலைக்குள் எழுபத்தொரு பேர்.

மறுநாள் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் ஒரு நாள். அங்கே சுகாதார அதிகாரி ஏறுவார் என்று செய்தி வந்ததும், அடுக்களையில் எல்லோரும் தேய்த்த இடத்தையே தேய்த்தார்கள். காலை பத்து மணிக்கு மேனேஜர் மாஸ்டரைத் தன் அறைக்கு அழைத்தார். துணைச் செஃப்பும் இருந்தார்.

"உக்காருங்க மாஸ்டர்." மாஸ்டருக்கு அந்த அறையில் முதல்முறையாக நாற்காலி கிடைத்தது. "உங்க ரெக்கார்டு எல்லாம் பார்த்தேன். நாலரைக்கு ஊத்தியிருக்கீங்க, எட்டரைக்குக் கொட்டியிருக்கீங்க. கச்சிதம். முட்டை மேல ஒரு சொல்லு வராது."

மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆனா தட்டு கழுவுற இடத்துல ஓட்டை இருக்கு. மெஷின் தண்ணி எவ்வளவு சூடுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதணும். எட்டு மணிக் கட்டம் காலி. அந்தம்மா எழுதல. சூடில்லாத தண்ணியில கழுவுன தட்டு. அதான் விஷயம். நாளைக்குத் துறைமுகத்துல அவங்கள இறக்கி அனுப்பிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அன்னிக்குத் தட்டு பிசுபிசுன்னு இருந்துச்சுன்னு."

"பார்த்து... நாளைக்குக் காலையில தர்றேன் சார்" என்றார் மாஸ்டர். மறுக்கும் தைரியம் வரவில்லை. ஒத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை.

அந்த அம்மாளைக் கப்பலில் எல்லோரும் அக்கா என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர். சுடுநீரில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்பார். பாடிக்கொண்டே நிற்பார், அதுவும் படுமோசமாக. எட்டு மணிக் கட்டம் ஏன் காலி என்று மாஸ்டருக்குத் தெரியும். மேல்தளத்துக்குத் தட்டுகள் தூக்கிப்போக ஆள் இல்லையென்று, அந்த நேரத்தில் அக்காவை மாடிக்கு விரட்டியவர் இதே துணைச் செஃப்தான்.

எந்த அடுக்களையிலும் பழி தண்ணீர் மாதிரி, மேலேயிருந்து கீழே ஓடும். கீழே யார் நிற்கிறார்கள்? பாத்திரம் கழுவுகிறவள். அவளுக்குக் கீழே சாக்கடைதான்.

மதியம் மாஸ்டர் போனபோது அக்காவின் காதுக்குச் செய்தி எட்டியிருந்தது. பாட்டு இல்லை. தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும்.

"தம்பி, நீங்க எழுதித் தரப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"சுவத்துக்குக் காது இருக்கோ இல்லையோ, இந்தக் கப்பல்ல ஸ்பூனுக்கெல்லாம் காது இருக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னை இறக்கிவிட்டா வேற கப்பல்ல யாரும் ஏத்த மாட்டாங்க தம்பி. இந்த வயசுல, இந்தக் கையை வச்சுக்கிட்டு எங்க போவேன்? எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா தட்டு பிசுபிசுன்னு மட்டும் எழுதாதீங்க. அது பொய்யி."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

கூடத்தில் ஒரு பெண்மணி அவருக்காகக் காத்திருந்தார். ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியைகள், அக்காள் தங்கை, அந்தப் பயணத்தில் தினமும் அவரிடம் முட்டை வாங்குவார்கள். மாஸ்டர் மனத்துக்குள் பெரிய டீச்சர், சின்ன டீச்சர் என்று வைத்திருந்தார். பெரியவர் எழுபத்தெட்டு. முட்டை குழைவாக வேண்டும் என்பார். "இறுக்கமா இருந்தா என் பல்லு சண்டைக்குப் போகும் தம்பி" என்று நாள்தோறும் அதே நகைச்சுவை. இன்று சின்னவர் மட்டும் நின்றார்.

"எங்க அக்காவுக்கு ரொம்ப முடியல. குளுக்கோஸ் ஏத்தறாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்ங்கறாங்க." கண்கள் வீங்கியிருந்தன. "எனக்கு ஒண்ணு புரியல தம்பி. நானும் அதே முட்டைதான் சாப்பிட்டேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான். எனக்கு ஒண்ணுமே இல்லையே?"

"நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கம்மா?"

"ஏழு மணி. எனக்குச் சீக்கிரம் பசிக்கும். அவ எட்டேகாலுக்குத்தான் வந்தா."

மாஸ்டர் மனத்துக்குள் மணியைக் கூட்டிப் பார்த்தார்.

அவர் நேராக மருத்துவ அறைக்குப் போனார். வாசலில் நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. அன்னிக்குப் படகுல தீவைப் பார்க்கப் போனாங்களே நூத்தி நாப்பது பேர், ஏழேகாலுக்கே சாப்பிட்டுட்டுக் கிளம்புனவங்க. அவங்கள்ல எத்தனை பேர் வந்தாங்க?"

நர்ஸ் பட்டியலைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். "ஒருத்தர்கூட இல்ல. இதுல இருக்கறவங்க எல்லாம் ஏழரைக்கு அப்புறம் சாப்பிட்டவங்க."

தட்டுகள் அதே தட்டுகள். கழுவிய மெஷின் அதே மெஷின், கழுவிய கைகளும் அதே கைகள். ஏழேகாலுக்குச் சாப்பிட்ட நூற்று நாற்பது பேர் நன்றாக இருக்கிறார்கள். ஏழரைக்குப் பிறகு வந்தவர்கள் படுத்துவிட்டார்கள். தட்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. வாளிக்குத் தெரியும்.

தங்கும் அறை நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாதது. மேல் கட்டிலில் ரொட்டி சுடுகிறவர், ஆறு வருட நண்பர். மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார்.

"உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா?" ரொட்டிக்காரர் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டார். "உன் ரெக்கார்டு சுத்தமா இருக்குன்னு அவனே சொல்றான். நீயே போய்க் கழுத்தை நீட்டுவியா?"

"அக்கா என்ன தப்புப் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதோட விதி."

"விதியா?" மாஸ்டருக்குச் சட்டென்று கோபம் வந்தது. "விதியா ஐஸ் மெஷினை ரிப்பேர் பண்ணாம வச்சுச்சு? விதியா ஸ்டிக்கரை உரிச்சுச்சு? இந்தா, இந்தக் கைதாண்டா உரிச்சுச்சு."

"கத்தாத. சரி, போய்ச் சொல்லு. வீட்டுக்கு என்ன சொல்லுவ?"

மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விதி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு மேனேஜராகத்தான் இருந்திருப்பான். எவ்வளவு வசதி! மெஷினைப் பழுது பார்க்க வேண்டாம், உத்தரவை மாற்ற வேண்டாம், யார் பெயரையும் எழுத வேண்டாம்.

காலையில் கப்பல் துறைமுகத்தை நெருங்குமுன் மாஸ்டர் வீட்டுக்குப் பேசினார்.

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா?" என்றார் மனைவி.

"ம்."

"ம்-னா முட்டையா, ரொட்டியா?"

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணு பரீட்சை எழுதற வருஷம்" என்றார் மனைவி. "எங்கிட்ட ஏங்க கேக்கறீங்க? நான் வேண்டாம்னு சொன்னா நிம்மதியா இருக்கலாம்னா?"

சுருக்கென்று தைத்தது. உண்மை அதுதான்.

சுகாதார அதிகாரி ஒரு பெண்மணி. குட்டையானவர், தடித்த கண்ணாடி, கையில் வெப்பமானி. மேனேஜரும் துணைச் செஃப்பும் இரு பக்கமும் புன்னகையோடு நடந்தார்கள். அக்காவின் பெட்டி ஏற்கெனவே வெளியேறும் வாசலுக்குப் போய்விட்டது. அக்கா மெஷினுக்குப் பக்கத்தில், ஏப்ரனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி முட்டைப் பதிவேட்டைப் புரட்டினார். "இது சரியாத்தான் இருக்கு."

"எங்க மாஸ்டர் அதுல கில்லாடி மேடம்" என்றார் மேனேஜர். "தட்டைப் பத்தி அவரே எழுதித் தர்றதாச் சொல்லியிருக்காரு. மாஸ்டர், கொண்டு வந்தீங்களா?"

மாஸ்டர் வெறுங்கையோடு முன்னால் வந்தார். "மேடம், அதுல எழுதியிருக்கற ஒவ்வொரு நம்பரும் நெசம். ஆனா மொத்தமாப் பார்த்தா பொய்."

"புரியலையே."

"அன்னிக்கு அஞ்சு மணிக்குக் கடிகாரத்தை நாலாக்கினாங்க. நாலரைக்கு ஊத்தினது பழைய நாலரை. எட்டரைக்குக் கொட்டினது புது எட்டரை. நடுவுல அஞ்சு மணி நேரம். ஐஸ் இல்லாம, சுடுகல்லு பக்கத்துல."

அதிகாரி பதிவேட்டை மறுபடி திறந்தார்.

"ஏழரைன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அதை உரிச்சு மாத்தினதும் நான்தான்."

"நீங்களாவா?"

"துணைச் செஃப் மாத்தச் சொன்னார். நான் மாத்தினேன். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"நான் சொல்லவே இல்ல!" துணைச் செஃப்பின் குரல் கீச்சிட்டது. "மேடம், இவரு பயத்துல உளர்றாரு."

"யார் சொன்னதுன்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார் அதிகாரி. "மாலுமி அறையில கடிகாரம் மாத்தின பதிவு இருக்கும்ல? கொண்டு வாங்க. மருத்துவ அறைப் பட்டியலும் வேணும், யாரு எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்கன்னு."

இரண்டும் வந்தன. அதிகாரி நின்றபடியே கூட்டிக் கழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐஸ் மெஷின் எத்தனை நாளா ஓடல?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். "பதினாலு நாள்" என்றார் அக்கா, ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டே. "நானும் ரெண்டு தடவை சொன்னேன்மா. நான் சொன்னா யாரு கேக்கறா?"

அக்காவின் பெட்டி திரும்ப உள்ளே வந்தது. ஐஸ் மெஷின் இரண்டே மணி நேரத்தில் ஓடத் தொடங்கியது. அவ்வளவு நாளும் தேவைப்பட்டது ஒரு ரப்பர் வளையம்தான். துணைச் செஃப்பை வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள், அதே பதவியில். மேனேஜரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கப்பலை விட்டு இறங்கியது ஒரே ஓர் ஆள்.

இறங்குமுன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். 'எவருடைய உத்தரவுமின்றி, என் சொந்த முடிவின்படி' ஸ்டிக்கரை மாற்றியதாக அதில் அச்சிட்டிருந்தது. மாஸ்டர் முழுவதும் படித்தார். 'எவருடைய உத்தரவுமின்றி, என் சொந்த முடிவின்படி' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அடித்த இடத்துக்குமேல் 'துணைச் செஃப் சொல்லி, தவறென்று தெரிந்தும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்படி எழுதினா எந்தக் கப்பல்லயும் உங்களுக்கு வேலை கிடையாது, தெரியும்ல?" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்."

அக்கா வழியனுப்ப வரவில்லை. வர முடியாது, மதிய உணவுத் தட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும் நேரம். ரொட்டிக்காரர் மட்டும் படிக்கட்டு வரை வந்து, "பைத்தியக்காரா" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்த வேன்காரரிடம், ஆஸ்பத்திரி வழியாகப் போக முடியுமா என்று மாஸ்டர் கேட்டார். "எனக்கு ஏர்போர்ட்னு மட்டும்தான் எழுதிக் குடுத்திருக்காங்க சார்" என்றார் அவர். தப்பாகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைச் செய்கிறவர்.

விமான நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினார். "வர்றேன்" என்றார்.

"தெரியும்" என்றார் மனைவி. குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. "அந்த டீச்சரம்மா எப்படி இருக்காங்க?"

"தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நீங்க யாருன்னு கேட்டாங்க. சமைச்சுக் குடுத்தவன்னு சொன்னேன். சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம்னு வச்சுட்டாங்க."

"மறுபடி போடுங்க."

"அதையேதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவங்க தங்கச்சி பக்கத்துலதானே இருப்பாங்க. அவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. முட்டைக்காரர்னு சொன்னா அவங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். தெரிந்தவரிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அதிகாரியிடம் சொன்னது போல, ஒரு சொல் குறையாமல். விமானத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மாஸ்டர் மறுபடி எண்ணை அழுத்தினார்.